இயேசுவின் இரண்டாம் வருகை: தேதி குறித்தவர்களுக்கு என்ன ஆனது? பைபிள் என்னதான் சொல்கிறது?

2025 செப்டம்பர் 23. அன்றோ, மறுநாளோ இயேசு வந்து தன் மக்களை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர் யூடியூப் பேட்டியில் சொல்லியிருந்தார். இயேசுவே தரிசனத்தில் அந்தத் தேதியைச் சொன்னாராம். பேட்டி வெட்டி ஒட்டப்பட்டு டிக்டாக்கில் பரவியது. காரை விற்றுவிட்டேன், வேலையை விட்டுவிட்டேன் என்று வீடியோ போட்டவர்கள் இருந்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள். கிண்டல் செய்து மீம் போட்டவர்கள் அதைவிட அதிகம்.

23-ம் தேதி வந்தது, 24-ம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. தேதி அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதுவும் போனது.

இது முதல் தடவை அல்ல. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடக்கும் கதை. இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை என்ன, தேதி எப்படிக் கணக்கிடுகிறார்கள், நம்பியவர்களுக்கு என்ன ஆகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டாம் வருகைனா என்ன?

சிலுவையில் மரித்து, உயிர்த்தெழுந்து, வானத்துக்கு ஏறிய இயேசு மறுபடியும் இந்த உலகத்துக்கு வருவார், எல்லோரையும் நியாயம் தீர்ப்பார் என்பதே அடிப்படை நம்பிக்கை. இதில் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்ற வித்தியாசம் கிடையாது. நான்காம் நூற்றாண்டில் உருவான நைசீன் விசுவாசப் பிரமாணத்திலேயே இது இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலம் என்கிறார்கள் அல்லவா? அது தொழுவத்தில் பிறந்த குழந்தைக்கான காத்திருப்பு மட்டும் அல்ல, திரும்பி வரப்போகிறவருக்கான காத்திருப்பும்தான். கேக், நட்சத்திரம், குடில் பரபரப்பில் அந்த இரண்டாவது பாதி பலருக்கு மறந்துபோகிறது.

பைபிளில் இதற்கான பகுதிகள் ஒரே இடத்தில் இல்லை. பழைய ஏற்பாட்டில் தானியேல், புதிய ஏற்பாட்டில் மத்தேயு 24-ம் அதிகாரம், தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய இரண்டு கடிதங்கள், கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் ஆகியவைதான் முக்கியமானவை. போர், பஞ்சம், பூமியதிர்ச்சி, கள்ளத் தீர்க்கதரிசிகள் என்று மத்தேயு 24 அடுக்குகிறது. ஆனால் அதே அதிகாரத்தில், நாளும் நேரமும் தந்தையாகிய கடவுளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, வானதூதர்களுக்கும் தெரியாது என்று இயேசு சொன்னதாகவும் இருக்கிறது. தேதி குறிக்கும் ஒவ்வொருவரும் இந்த வசனத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போகிறார்கள். "நாளும் நேரமும்தானே தெரியாது, வருஷத்தைக் கண்டுபிடிக்கலாமே" என்பது இதற்கென்றே வைத்திருக்கும் பதில்.

முதல் நூற்றாண்டிலேயே இந்தச் சிக்கல் தொடங்கிவிட்டது. தெசலோனிக்கே சபையில் சிலர் வேலைக்குப் போகாமல் சும்மா இருந்திருக்கிறார்கள். கர்த்தர் வரப்போகிறார், இனி உழைத்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம்தான் காரணம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். உழைக்காதவனுக்குச் சாப்பாடு கிடையாது என்ற அளவுக்குப் பவுல் கறாராக எழுத வேண்டியிருந்தது.

இரகசிய வருகை எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டில் பெந்தெகொஸ்தே கூட்டங்களுக்குப் போயிருப்பவர்கள் 'இரகசிய வருகை', 'பகிரங்க வருகை' என்ற இரண்டு சொற்களைக் கேட்டிருப்பார்கள். இந்தப் போதனைப்படி முதலில் நடப்பது இரகசிய வருகை. எக்காளம் தொனிக்கும், மரித்த விசுவாசிகள் எழுந்திருப்பார்கள், உயிரோடு இருக்கும் விசுவாசிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மேகத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் இங்கேயே கைவிடப்படுவார்கள். பிறகு 7 ஆண்டு உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி. அதன் முடிவில் இயேசு எல்லோரும் பார்க்க வருவார். அர்மகெதோன் யுத்தம், ஆயிரம் வருட அரசாட்சி, கடைசி நியாயத்தீர்ப்பு, புதிய வானம், புதிய பூமி என்று வரிசை போகும்.

கேட்டால் ஆதிகாலத்திலிருந்தே எல்லா சபைகளும் இப்படித்தான் நம்பின என்று தோன்றும். அப்படி இல்லை. இந்த வரிசையை இப்படித் தெளிவாக வகுத்தவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையிலிருந்து விலகி, பிளிமத் சகோதரர் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானவர். காலம் 1830-கள். அதாவது கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு 30 ஆண்டுகள் கழித்து. இந்தப் போதனை அமெரிக்காவுக்குப் போனது. 1909-ல் சைரஸ் ஸ்கோஃபீல்ட் வெளியிட்ட விளக்கவுரை பைபிள் அதைப் பரப்பியது. பைபிள் வசனத்துக்கு அடியிலேயே ஸ்கோஃபீல்டின் குறிப்பும் அச்சாகியிருந்ததால், எது வேதம் எது விளக்கம் என்ற கோடு பல வாசகர்களுக்கு மங்கிப்போனது. 1970-ல் ஹால் லிண்ட்ஸி எழுதிய புத்தகம், 1995-ல் தொடங்கிய 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல் வரிசை என்று அடுத்தடுத்து வந்தன. அந்த நாவல்கள் மட்டும் 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன.

கத்தோலிக்கர்களும், ஆர்த்தடாக்ஸ் சபைகளும், பழைய புராட்டஸ்டன்ட் சபைகளும் இரண்டாம் வருகையை நம்பினாலும் இந்த இரகசிய வருகையை ஏற்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை வருகை ஒன்றுதான். ஆயிரம் வருடம் என்பதும் சபையின் காலத்தைக் குறிக்கும் உருவகம் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீன் விளக்கம் சொல்லிவிட்டார்.

1844: உலகத்தையே உலுக்கிய ஒரு கூட்டல் கணக்கு

தேதி குறித்த கதைகளில் பெரியது வில்லியம் மில்லருடையது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் என்ற ஊர் விவசாயி. 1812 போரில் படைத்தலைவராக இருந்தவர். கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்று நம்பிக்கொண்டிருந்தவர், போருக்குப் பிறகு பாப்டிஸ்ட் சபைக்குத் திரும்பினார். ஒரு பைபிள், ஒரு ஒத்துவாக்கிய அகராதி, இரண்டையும் வைத்துக்கொண்டு வசனம் வசனமாகப் படித்தார். போதகர் படிப்பெல்லாம் கிடையாது.

அவர் பிடித்துக்கொண்டது தானியேல் 8-ம் அதிகாரத்தின் 14-ம் வசனம். 2,300 நாள் கழிந்த பிறகு பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்ற கருத்து அதில் வருகிறது. கணக்கு இப்படிப் போனது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஒரு வருடம். ஆகவே 2,300 வருடம். தொடக்கம், எருசலேமைத் திரும்பக் கட்டப் பாரசீக மன்னன் அர்தசஷ்டா உத்தரவு போட்டதாகக் கருதப்பட்ட கி.மு. 457. பரிசுத்த ஸ்தலம் என்றால் பூமி, சுத்திகரிப்பு என்றால் நெருப்பு. 2,300-ல் 457-ஐக் கழித்தால் 1843.

இதில் ஒவ்வொரு படியும் ஒரு ஊகம். ஆனால் கடைசியில் வருவது சுத்தமான எண். அதுதான் இந்தக் கணக்குகளின் வசீகரம். ஊகத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, எண் மட்டும் மனதில் நிற்கிறது.

மில்லர் பல ஆண்டுகள் இதை வெளியே சொல்லத் தயங்கினார். 1831-ல்தான் பேச ஆரம்பித்தார். பிறகு பாஸ்டனைச் சேர்ந்த போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் கூடச் சேர்ந்ததும் காரியம் சூடுபிடித்தது. பத்திரிகைகள், துண்டறிக்கைகள், வண்ண வரைபடங்கள், ஆயிரக்கணக்கானோர் உட்காரும் பெரிய கூடாரம். அந்தக் காலத்து 'வைரல்' என்றே சொல்லலாம். 50,000 முதல் 1 லட்சம் பேர் வரை நம்பியிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

மில்லர் நாள் சொல்லவில்லை. 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையில் என்றுதான் சொன்னார். அது கடந்தது. அப்போதே முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் 1844 ஆகஸ்டில் நியூஹாம்ப்ஷயரில் நடந்த கூடாரக் கூட்டத்தில் சாமுவேல் ஸ்னோ என்பவர் எழுந்து திருத்தக் கணக்கு ஒன்றைச் சொன்னார். கி.மு.-வுக்கும் கி.பி.-க்கும் நடுவில் பூஜ்ய வருடம் கிடையாது, அதனால் 1843 அல்ல, 1844. யூதர்களின் பாவநிவாரண நாளில்தான் பிரதான ஆசாரியர் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிப்பார். அந்த ஆண்டு அது அக்டோபர் 22.

தயங்கிய மில்லரே அக்டோபர் தொடக்கத்தில் இதை ஏற்றுக்கொண்டார். வயலில் விளைந்ததை அறுக்காமல் விட்ட விவசாயிகள் இருந்தார்கள். அறுத்தால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் ஆகிவிடுமே. கடையை மூடினார்கள், சரக்கை இனாமாகக் கொடுத்தார்கள், பழைய கடனை அடைத்தார்கள், சண்டை போட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு மலை உச்சியில் ஏறி நின்றார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை, பத்திரிகைகளின் கேலியில் பிறந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. வீடுகளிலும் கூட்ட அரங்குகளிலும் நள்ளிரவு வரை காத்திருந்தார்கள். கடிகாரம் 12 அடித்தது. விடிய விடிய அழுதோம் என்று பிறகு எழுதி வைத்தவர்கள் உண்டு. வரலாற்றில் இதற்குப் பெயரே 'பெரும் ஏமாற்றம்'.

மறுநாள் காலை என்ன செய்தார்கள்?

ஊர் சிரித்தது. "என்ன, இன்னும் போகலையா?" என்று தெருவில் பையன்கள் கேட்டார்கள். சில இடங்களில் அடிதடியும் நடந்தது. பலர் பழைய சபைகளுக்கே திரும்பினார்கள், சிலர் மதத்தையே விட்டார்கள். கணக்கில் பிழை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மில்லர், வருகை சீக்கிரம் என்ற நம்பிக்கையை மட்டும் விடாமல் 1849-ல் இறந்தார்.

ஒரு சிறு கூட்டம் மட்டும் வேறு பாதையில் போனது. 23-ம் தேதி காலை, ஹைரம் எட்சன் என்ற விவசாயி சோளக்காட்டு வழியாக நடந்துபோகும்போது அவருக்கு ஒரு விளக்கம் தோன்றியது. தேதி சரி, நடந்த சம்பவம்தான் வேறு. சுத்திகரிக்கப்பட வேண்டியது பூமி அல்ல, பரலோகத்தில் இருக்கும் பரிசுத்த ஸ்தலம். இயேசு அன்று அந்த வேலையைத் தொடங்கினார். இந்த விளக்கத்தைச் சுற்றித் திரண்டவர்கள் 1863-ல் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையாக உருவெடுத்தார்கள். இன்று உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல் உறுப்பினர்கள். மருத்துவமனைகளும் பள்ளிகளும் நடத்தும் பெரிய சபை. அவர்கள் இப்போது தேதி குறிப்பதில்லை. யெகோவாவின் சாட்சிகள் எதிர்பார்த்த 1914-க்கும் இதேபோன்ற முடிவுதான். கிறிஸ்துவின் ஆட்சி அந்த ஆண்டு பரலோகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கியது என்பது அவர்கள் விளக்கம்.

வாக்கு பொய்த்த பிறகும் நம்பிக்கை ஏன் கூடுகிறது என்ற கேள்வியை வைத்து 1956-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவினர் ஒரு புத்தகமே எழுதினார்கள். எவ்வளவு அதிகம் இழந்திருக்கிறார்களோ அவ்வளவு கடினம், தவறு என்று ஒப்புக்கொள்வது. இதுதான் அவர்கள் வாதம். ஆனால் அவர்கள் ஆராய்ந்த குழுவுக்குள் தங்கள் ஆட்களையே நம்பிக்கையாளர்களைப் போல அனுப்பியிருந்தார்கள் என்ற விமர்சனம் இன்று வரை இருக்கிறது. மில்லர் கதையைப் பார்த்தாலும் தொடர்ந்தவர்களைவிட விலகிப்போனவர்களே அதிகம்.

பக்கத்து மாநிலத்து 'அஞ்சரைக்காரர்கள்'

அமெரிக்காவில் மட்டும்தான் இப்படியா? இல்லை. 1860-ல் திருநெல்வேலிப் பக்கம் எழுந்த ஆன்மிக எழுப்புதலின் அலை பின்னாளில் திருவிதாங்கூரையும் தொட்டது. அதில் முன்னணியில் நின்றவர் யூஸ்தூஸ் யோசேப்பு. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமையன் என்ற பெயரில் பிறந்து, 1861-ல் குடும்பத்தோடு கிறிஸ்தவரானவர். ஆங்கிலிக்கன் குருவானவராகி, மலையாளத்தில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதியவர். வித்வான் குட்டி அச்சன் என்றால் கேரளக் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும்.

1875-ல் இவரது குழு, இன்னும் ஐந்தரை ஆண்டில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தது. ஊர் வைத்த பெயர் 'அஞ்சரைக்காரர்'. 1881 வந்தது, அவர் வரவில்லை. குழு கலையவில்லை. அதே ஆண்டு 'யூயோமய சபை' என்ற புதிய சபையாக மாறியது. பெரிய புலமை உள்ளவர், சமஸ்கிருதமும் சங்கீதமும் கற்றவர். இந்த வலையில் விழுபவர்கள் எல்லாம் படிக்காதவர்கள் என்ற எண்ணத்துக்கு இவர் ஒருவரே போதுமான பதில்.

சியோல் 1992, ஓக்லாந்து 2011

தென்கொரியாவில் லீ ஜாங்-ரிம் குறித்த தேதி 1992 அக்டோபர் 28. விசுவாசிகள் வேலையை விட்டார்கள், சொத்தைச் சபைக்குக் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போலீஸ் அவரைக் கைது செய்தது. சோதனையில் கிடைத்தவற்றில் முதலீட்டுப் பத்திரங்களும் இருந்தன. அவை முதிர்வடைவது அவர் சொன்ன உலக முடிவுக்கு வெகு நாள் கழித்து! மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்.

ஹரோல்ட் கேம்பிங் அப்படிப்பட்டவர் அல்ல என்பதுதான் யோசிக்க வைக்கும் விஷயம். படிப்பால் சிவில் இன்ஜினியர். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் இருந்து இயங்கிய 'ஃபேமிலி ரேடியோ'வின் குரல். 1994-ல் ஒருமுறை சொல்லித் தவறியவர், 2011 மே 21 என்று அடித்துச் சொன்னார். நோவாவின் பெருவெள்ளம் கி.மு. 4990, அதிலிருந்து 7,000 ஆண்டு என்பது ஒரு கணக்கு. இன்னொன்றில் 5-ஐயும் 10-ஐயும் 17-ஐயும் பெருக்கி, வந்ததை அதே எண்ணால் பெருக்கினார். விடை 7,22,500. இயேசு சிலுவையில் மரித்ததாக அவர் கருதிய கி.பி. 33 ஏப்ரல் 1-லிருந்து அத்தனை நாள் கழித்து மே 21. உலகம் முழுக்க விளம்பரப் பலகைகள் எழும்பின. நியூயார்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் தன் சேமிப்பு 1.4 லட்சம் டாலரை விளம்பரத்துக்குச் செலவழித்துவிட்டு, அன்று மாலை டைம்ஸ் சதுக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

தேதி அக்டோபர் 21-க்குத் தள்ளிப்போனது. அதுவும் பொய்த்த பிறகு, 2012 மார்ச்சில் கேம்பிங் நேயர்களுக்குக் கடிதம் எழுதி, தேதி குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். இப்படி ஒப்புக்கொண்டவர்கள் மிகக் குறைவு. செலவழித்தவர்களின் பணம் செலவழித்ததுதான்.

666: ஆதார் கார்டு முதல் தடுப்பூசி வரை

தேதி சொல்லாமலே பயத்தை ஓட்டிக்கொண்டிருப்பது 666. வெளிப்படுத்தின விசேஷம் 13-ம் அதிகாரத்தில் மிருகத்தின் எண்ணாக இது வருகிறது. அந்த முத்திரை இல்லாதவர்கள் வாங்கவும் விற்கவும் முடியாது என்றும் இருக்கிறது. பார்கோடு, கிரெடிட் கார்டு, ஆதார், கொரோனா தடுப்பூசி என ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஒன்றை இதற்குப் பொருத்திப் பார்த்தது.

தமிழில் க என்றால் 1, உ என்றால் 2 என எழுத்தே எண்ணாக நிற்பது போல எபிரேயத்திலும் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'நீரோன் கேசர்' என்று எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666. கடைசி 'ன்' இல்லாமல் எழுதினால் 616. பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் 666-க்குப் பதில் 616 என்றே இருப்பது இந்த விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ரோமச் சக்கரவர்த்தி நீரோவைத்தான் அந்தப் புத்தகம் மறைமுகமாகச் சொல்கிறது என்பது பெரும்பாலான பைபிள் அறிஞர்களின் கருத்து. எதிர்காலத்தைத்தான் சொல்கிறது என்று நம்புகிற சபைகள் இதை ஏற்பதில்லை.

கென்யா: ஷகஹோலா காட்டில் நடந்தது என்ன?

கென்யாவின் கடற்கரைப் பகுதியில், மாலிந்தி நகரத்துக்கு மேற்கே ஷகஹோலா காடு இருக்கிறது. டாக்சி ஓட்டுநராக இருந்து போதகராக மாறிய பால் மெக்கன்சி, தன் சபையாரை அங்கே குடியேற்றினார். அதற்கு முன்பே அவர் பள்ளிக்கூடம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பிரசங்கம் செய்துவந்தவர். கென்ய அரசு கொண்டுவந்த தேசிய அடையாள எண்ணை மிருகத்தின் முத்திரை என்று சொன்னவரும் அவர்தான். உலகம் முடியப்போகிறது, பட்டினி கிடந்து இறந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதித்தார் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அவர் மறுக்கிறார்.

2023 ஏப்ரலில் போலீஸ் உள்ளே போனபோது, எலும்பும் தோலுமாகச் சிலரை உயிரோடு மீட்டார்கள். பிறகு தோண்ட ஆரம்பித்தார்கள். மேலோட்டமாக மூடிய குழிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. 400-க்கும் மேற்பட்ட உடல்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் நிறையக் குழந்தைகள். பெரும்பாலானோர் பட்டினியால் இறந்தவர்கள். சில உடல்களில் கழுத்து நெரிக்கப்பட்ட, அடிபட்ட அடையாளங்கள் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. சாப்பாடு வேண்டும் என்று மனம் மாறியவர்கள் விடப்படவில்லையோ என்ற சந்தேகம் அங்கிருந்துதான் எழுந்தது.

மெக்கன்சி மீதும் அவரது கூட்டாளிகள் மீதும் கொலை, பயங்கரவாதம், குழந்தைகளைக் கொடுமைப்படுத்தியது உள்ளிட்ட வழக்குகள் தொடரப்பட்டன. பலமுறை புகார் வந்தும் அவரைத் தடுக்காமல் விட்டது ஏன் என்று கென்ய நாடாளுமன்றத்தின் மேலவைக் குழு அரசு அமைப்புகளைக் கடுமையாகச் சாடியது. மத அமைப்புகளை அரசு கட்டுப்படுத்தலாமா, எந்த அளவுக்கு என்ற விவாதமும் அங்கே கிளம்பியது. அப்படிச் செய்தால் மத சுதந்திரம் என்னாகும் என்று சபைத் தலைவர்கள் கேட்டார்கள்.

டிஎன்ஏ பரிசோதனை முடித்து உடல்களைக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் வேலை 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. குடும்பமாகவே இறந்தவர்கள் இருந்ததால், மாதிரி கொடுத்து அடையாளம் காட்டச் சொந்தம் கிடைக்காத உடல்கள் பிணவறையிலேயே கிடந்தன. 2025-ல் அதே பகுதியில், குவா பின்சாரோ என்ற இடத்தில், மீண்டும் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன.